மூலம்தான் என்று இருந்துவிடலாமா?

கேள்வி: என் கணவருக்கு வயது 52. ஆறு மாதமாக மலத்தோடு ரத்தம் போகிறது. மூலம் என்று மாத்திரையும் களிம்பும் கொடுத்தார்கள், நிற்கவில்லை. இப்போது ஹீமோகுளோபின் 8.9. ஆசனவாய் வழியே கேமராக் குழாய் விட்டுப் பெருங்குடலைப் பார்க்கும் கொலோனோஸ்கோபி செய்யச் சொல்கிறார்கள், அவர் பயப்படுகிறார். கட்டாயமா? புற்றுநோய் என்றால் மலம் போக வயிற்றில் பை வைத்துவிடுவார்களா? அவர் சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிடுகிறார்.

பதில்: கட்டாயம். தள்ளிப்போடவும் வேண்டாம். அவருக்கு மூலம் இருக்கலாம். இந்த வயதில் பலருக்கும் இருக்கிறது. ஆனால் ரத்தம் அதிலிருந்துதான் வருகிறது என்பது உள்ளே பார்க்காதவரை ஊகம்தான். மூலத்தில் பெரும்பாலும் மலம் கழித்த பிறகு பளிச்சென்ற சிவப்பில் சொட்டும். மலத்தோடு கலந்து வருவது, சளி சேர்வது, போய் வந்த பின்னும் மிச்சமிருப்பதுபோல் முக்கத் தோன்றுவது, வழக்கம் மாறி வாரக்கணக்கில் மலச்சிக்கலோ வயிற்றுப்போக்கோ நீடிப்பது ஆகியவை வேறு காரணத்தைத் தேடச் சொல்லும் அறிகுறிகள். நிறத்தை மட்டும் வைத்து முடிவு கட்டவும் முடியாது. ஆசனவாய்க்கு அருகிலுள்ள கட்டியும் பளிச்சென்றுதான் கசியும்.

இன்னும் முக்கியம் அந்த 8.9. ஆண்களுக்கு 13-க்குக் கீழே போனாலே ரத்தசோகை. உடலின் இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டின் பார்த்து இரும்புச்சத்துக் குறைவு என்று உறுதியானால், குடலில் எங்கே கசிகிறது என்று தேடியே ஆகவேண்டும். அப்போது இரைப்பை எண்டோஸ்கோபியையும் அன்றே சேர்த்துச் செய்வது வழக்கம். இரும்பு மாத்திரை கொடுத்து, எண் ஏறியதும் நிம்மதியாகிவிடுவதில்தான் மாதங்கள் வீணாகின்றன. ஆசனவாயில் விரல் விட்டுப் பார்க்கும் ஒரு நிமிடப் பரிசோதனையை இதுவரை யாரும் செய்யவில்லையென்றால் கேட்டுச் செய்துகொள்ளுங்கள். சி.இ.ஏ. என்ற ரத்தப் பரிசோதனை கொலோனோஸ்கோபிக்கு மாற்றாகாது. தொடக்க நிலைப் புற்றுநோயில் அது இயல்பாகவே இருக்கக்கூடும்.

கொலோனோஸ்கோபியில் சிரமமே குடலைச் சுத்தம் செய்யும் முந்தைய நாள்தான். சோதனை அரை மணி நேரம், மயக்க மருந்தும் உண்டு. குடல் சுத்தமாகாவிட்டால் சிறு கட்டிகள் தப்பிவிடும், எல்லாம் திரும்பச் செய்ய நேரும். இரும்பு மாத்திரையை ஒரு வாரம் முன்பே நிறுத்தவேண்டும். அது மலத்தைக் கறுப்பாக்கிக் குடல் சுவரில் ஒட்டவைக்கும். இரண்டு மூன்று நாள் முன்பிருந்து கீரை, கொய்யா, தக்காளி விதை, சிறுதானியம் வேண்டாம். இட்லி, குழைந்த வெள்ளைச் சாதம், தயிர் போதும். பேதிப் பொடியை 2 லிட்டர் நீரில் கரைக்கச் சொல்லியிருந்தால் பாதியை முன்னிரவிலும் மீதியைச் சோதனைக்கு 5 மணி நேரம் முன்பும் தொடங்கி, 10–15 நிமிடத்துக்கு ஒரு டம்ளராகக் குடிக்கலாம். குளிர வைத்தால் குமட்டல் குறையும். கடைசியில் சிறுநீர்போலத் தெளிந்த மஞ்சளாக வரவேண்டும். கலங்கலாக வந்தால் சோதனைக்குப் போனவுடன் அங்கே சொல்லிவிடுங்கள். சிவப்பு நிறப் பானங்கள் கூடாது, ரத்தம்போலத் தெரியும். சர்க்கரை மாத்திரையின் அளவை முன்கூட்டியே கேளுங்கள். பெயர் 'கிளிஃப்ளோசின்' என்று முடிந்தால் சில நாள் முன்பே நிறுத்தவேண்டியிருக்கும். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை ஏதும் சாப்பிட்டால் தானாக நிறுத்தவேண்டாம், மருத்துவர் சொல்லட்டும். வயிறு உப்பி, வாந்தியெடுத்து, காற்றும் பிரியாவிட்டால் பொடியைத் தொடவே கூடாது. குடல் அடைப்பாக இருக்கலாம், நேராக அவசரப் பிரிவுக்குப் போங்கள்.

கட்டி தென்பட்டால் பல துண்டுகள் எடுத்து பயாப்ஸிக்கு அனுப்புவார்கள். துண்டு எடுத்தால் பரவிவிடும் என்ற பேச்சைக் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள். பிறகு மார்பு, வயிறு, இடுப்புக்கு சி.டி. ஸ்கேன்.

பை பற்றிய கேள்விக்குக் கட்டி இருக்கும் இடம்தான் பதில் சொல்லும். பெருங்குடலில் இருந்தால் பெரும்பாலும் முதலில் அறுவை. கட்டியுள்ள பகுதியை வெட்டி முனைகளை இணைப்பார்கள், பை பொதுவாகத் தேவைப்படாது. நிணநீர்க் கணுக்களில் பரவியிருந்தால் 3 அல்லது 6 மாதம் கீமோ. அறுவைக்குப் பின் வரும் கணு அறிக்கையில் குறைந்தது 12 கணுக்களைப் பார்த்திருக்கிறார்களா என்று கவனியுங்கள். அதற்குக் குறைந்தால் 'பரவவில்லை' என்ற வரியை முழுதாக நம்ப முடியாது.

ஆசனவாய்க்குச் சற்று மேலே குடலின் கடைசிப் பகுதியான மலக்குடலில் இருந்தால் கணக்கு வேறு. எம்.ஆர்.ஐ. எடுக்காமல் அறுவைக்கு நாள் குறிக்கக் கூடாது. கட்டி குடல் சுவரைத் தாண்டியிருந்தால் முதலில் 5 நாள் குறுகிய கதிர்வீச்சோ, ஐந்து வாரத்துக்கு மேல் கீமோ மாத்திரையோடு நீண்ட கதிர்வீச்சோ கொடுப்பார்கள். கீமோவையும் முன்பே கொடுப்பதுண்டு. அறுவையில் கீழே போட்ட இணைப்பு ஆறுவதற்காகச் சிறுகுடலின் ஒரு பகுதியை வயிற்றுக்கு வெளியே கொண்டுவந்து பெரும்பாலும் தற்காலிகப் பை வைப்பார்கள், சில மாதங்களில் மூடிவிடுவார்கள். மலத்தை அடக்கும் தசையையே கட்டி பிடித்திருந்தால்தான் பெரும்பாலும் நிரந்தரப் பை. ஆகவே அறிக்கை வந்ததும் கேட்கவேண்டிய முதல் கேள்வி: 'ஆசனவாயிலிருந்து எத்தனை சென்டிமீட்டர்?'

சிறுகுடல் பை வைத்தவர்களுக்கு நாளுக்கு ஒன்றரை லிட்டருக்கு மேல் வெளியேறினால் நீர்ச்சத்து வற்றிச் சிறுநீரகம் பாதிக்கும். உடனே மருத்துவமனைக்குத் தெரிவியுங்கள். பை மூன்றில் ஒரு பங்கு நிறைந்ததும் காலி செய்வது நல்லது, கனத்தால் பெயர்ந்துவிடும்.

செலவைப் பொறுத்தவரை, தமிழ்நாட்டில் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் புற்றுநோய் சிகிச்சை அடங்கும். அட்டை இருக்கிறதா என்று இப்போதே பாருங்கள். புற்றுநோய் என்று உறுதியானால் அவருடைய உடன்பிறந்தவர்களுக்கும் பிள்ளைகளுக்கும் 40 வயதில் கொலோனோஸ்கோபி தேவை. பயாப்ஸித் துண்டில் எம்.எம்.ஆர். பரிசோதனையையும் கேளுங்கள், பரம்பரை வகையாக இருக்குமா என்ற துப்பை அது தரும். அப்படி உறுதியானால் பிள்ளைகளுக்கு இருபதுகளிலேயே தொடங்கவேண்டியிருக்கும்.