மருத்துவப் படிப்பு முடித்து நான்கு வருடம் ஆகிவிட்டது. இப்போது அமெரிக்காவில் ரெசிடென்சிக்கு, அதாவது மருத்துவமனையில் சம்பளத்தோடு பெறும் சிறப்புப் பயிற்சிக்கு, முயற்சி செய்யலாமா? அதற்கான யுஎஸ்எம்எல்இ உரிமத் தேர்வின் இரண்டாம் கட்டமான ஸ்டெப் 2-ல் 250 எடுத்தால் போதுமா? இப்படி ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்.

முதல் கேள்விக்குப் பதில், செய்யலாம். இரண்டாவதற்குப் பதில், போதாது. 250-க்கு மேலேயே வாங்கிவிட்டு முதல் வருடம் மேட்ச் ஆகாமல் உட்கார்ந்திருந்தவன் நான். (விண்ணப்பதாரர்களையும் மருத்துவமனைகளையும் அவரவர் விருப்பப் பட்டியலை வைத்துக் கணினி ஜோடி சேர்ப்பதுதான் மேட்ச்.) அடுத்த வருடம் அதே மதிப்பெண்ணை வைத்துத்தான் இன்டர்னல் மெடிசினில் (பொது மருத்துவம்) இடம் கிடைத்தது. நடுவில் என்ன மாறியது என்பதைச் சொல்கிறேன்.

மேட்ச் வாரம் மார்ச் மாதத்தில் வரும். திங்கட்கிழமை வரும் மின்னஞ்சலில் இடம் உண்டா இல்லையா என்பது மட்டும் இருக்கும். எந்த மருத்துவமனை என்பது வெள்ளிக்கிழமைதான் தெரியும். எனக்கு வெள்ளிக்கிழமை வரை காத்திருக்கும் வேலையே வரவில்லை. மிச்சமிருக்கும் இடங்களுக்கு அந்த வாரத்திலேயே விண்ணப்பிக்கும் ஏற்பாட்டுக்கு 'சோப்' என்று பெயர். குளிக்கப் போனாலும் போனைக் கண்ணாடிக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு காத்திருந்தேன். வந்தது ஒரே ஒரு அழைப்பு, அதுவும் கிரெடிட் கார்டு விற்பவரிடமிருந்து.

நான் செய்த தவறு, இதைப் பரீட்சை என்று நினைத்தது. இது வேலைக்கு ஆள் எடுக்கும் காரியம். ஸ்டெப் 1-க்கு 2022 ஜனவரி கடைசியிலிருந்து மதிப்பெண்ணே கிடையாது, பாஸ் அல்லது ஃபெயில்தான். ஃபெயில் ஆனால் அந்த வரி கடைசிவரை உங்கள் பதிவில் நிற்கும். பாஸ் ஆகிவிட்டால் மறுபடி எழுதவும் முடியாது. அதனால் தேதியைத் தள்ளிப்போடுவதில் வெட்கப்படாதீர்கள். ஸ்டெப் 2 மதிப்பெண் கதவைத் திறக்கும், அவ்வளவுதான். இவற்றோடு ஓஇடி ஆங்கிலத் தேர்வும் வெளிநாட்டில் படித்த மருத்துவர்களுக்கான ஈசிஎஃப்எம்ஜி சான்றிதழும் வேண்டும். அதெல்லாம் காகித வேலை, பொறுமை இருந்தால் நடந்துவிடும்.

சரி, எங்கே கோட்டை விட்டேன்? நூறு இடங்களுக்கு மேல் விண்ணப்பித்தேன், 2,000 டாலருக்கு மேல் போனது. அதில் பாதி இடங்கள் என் விண்ணப்பத்தைத் திறந்துகூடப் பார்த்திருக்காது. பல இடங்களில் "பட்டம் பெற்று ஐந்து வருடத்துக்குள்" என்று விதி இருக்கும், சில இடங்களில் மூன்று வருடம். சில இடங்கள் விசாவே தருவதில்லை. இதெல்லாம் அவரவர் இணையதளத்தில் எழுதியே வைத்திருக்கிறார்கள், நான்தான் படிக்கவில்லை. இரண்டாவது வருடம் ஒரு எக்செல் தாளைத் திறந்து, விசா, பட்ட வருடம், இப்போது அங்கே படிக்கும் ரெசிடென்ட்களில் வெளிநாட்டுப் பட்டதாரிகள் எத்தனை பேர் என்று மூன்று பத்திகள் போட்டேன். பட்டியல் அறுபதாகச் சுருங்கியது. இன்டர்வியூ மூன்றிலிருந்து ஒன்பதானது.

அடுத்தது சிபாரிசுக் கடிதம். முதல் வருடம் பணம் கட்டி ஒரு கிளினிக்கில் நான்கு வாரம் அப்சர்வர்ஷிப் செய்தேன். சுவரோரம் நின்று பார்த்ததுதான், நோயாளியைத் தொடக்கூடாது. கடிதம் வாங்கினேன். அதைப் படிக்கும் உரிமையை நாமே விட்டுக்கொடுப்பதுதான் வழக்கம், அப்போதுதான் அதற்கு மதிப்பு. ஆக, உள்ளே என்ன இருந்தது என்று எனக்குத் தெரியாது. ஒரு வீடியோ இன்டர்வியூவில் எதிரே இருந்த டாக்டர் சிரித்தபடியே சொன்னார்: "நீங்கள் தினமும் நேரத்துக்கு வந்தீர்கள் என்று எழுதியிருக்கிறார்." அதோடு அடுத்த கேள்விக்குப் போய்விட்டார். எனக்கு விளங்கிவிட்டது.

அடுத்த முறை மருத்துவமனை வார்டில் வேலை பார்க்கும் ஒருவரிடம் இரண்டு மாதம் இருந்தேன். காலை ரவுண்ட்ஸுக்கு முன்பே இரண்டு நோயாளிகளைப் பற்றிப் படித்து வைத்துக்கொண்டு, கேட்டால் சொல்வேன், கேட்காவிட்டால் வாயை மூடிக்கொள்வேன். அங்கே நோயைக் கண்டுபிடிப்பதைவிட, நோயாளி எப்போது வீட்டுக்குப் போகலாம், போனால் மாத்திரையை யார் கொடுப்பார் என்பதைத்தான் அதிகம் பேசுகிறார்கள். நான் அதைப் பேச ஆரம்பித்த வாரத்திலிருந்து அவர் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட ஆரம்பித்தார்.

எண்ணிக்கை வேண்டுமென்றால்: 2024 மேட்ச்சில் அமெரிக்கக் குடியுரிமை இல்லாத வெளிநாட்டுப் பட்டதாரிகளில் 58.5 சதவீதம் பேருக்கு இடம் கிடைத்தது. அங்கேயே எம்.டி. படித்த கடைசி வருட மாணவர்களுக்கு அது 93.5. இன்டர்னல் மெடிசின், ஃபேமிலி மெடிசின், குழந்தை மருத்துவம் ஆகியவற்றில்தான் நமக்கு வாய்ப்பு அதிகம். தோல் மருத்துவம்தான் வேண்டும் என்று இருப்பவர்கள் வேறு யாரிடமாவது கேளுங்கள், எனக்குப் பொய்யாக ஆறுதல் சொல்ல வராது.

மேட்ச்சுக்காக ரேங்க் லிஸ்ட், அதாவது உங்கள் விருப்ப வரிசைப் பட்டியல், போடும்போது "அந்த இடத்தில் என்னை எடுப்பார்களா?" என்று கணக்குப் போடாதீர்கள். 1998-லிருந்து கணினி விண்ணப்பதாரரின் விருப்பத்திலிருந்துதான் தொடங்குகிறது. உங்கள் முதல் இடம் கைநழுவினாலும் இரண்டாவது இடத்துக்கான வாய்ப்பு அதனால் குறையாது. இந்த வகைக் கணக்கின் கோட்பாட்டுக்கும் அதை நடைமுறைக்குக் கொண்டுவந்ததற்கும்தான் ஷேப்லிக்கும் ஆல்வின் ராத்துக்கும் 2012-ல் பொருளாதார நோபல் கிடைத்தது. அவர்களை நம்பலாம். பிடித்த வரிசையில் போடுங்கள். போக விருப்பமே இல்லாத இடத்தை மட்டும் பட்டியலில் சேர்க்காதீர்கள். மேட்ச் ஆகிவிட்டால் போயே ஆக வேண்டும்.

விசாவை இப்போதே யோசித்துவிடுங்கள். பெரும்பாலோர் ஜே-1 என்ற பயிற்சி விசாவில்தான் போகிறார்கள். பயிற்சி முடிந்ததும் இரண்டு வருடம் சொந்த நாட்டில் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் மருத்துவர் பற்றாக்குறை உள்ள பகுதியில் மூன்று வருடம் வேலை செய்து விலக்கு வாங்க வேண்டும். அந்த விலக்கைத் தரும் கான்ராட் 30 திட்டத்தில் ஒரு மாநிலத்துக்கு வருடத்துக்கு 30 பேர்தான். எச்-1பி என்ற வேலை விசா வேண்டுமானால் ஸ்டெப் 3-யையும் முன்கூட்டியே முடித்திருக்க வேண்டும். அதைத் தரும் இடங்களும் குறைவு.

உங்கள் கேள்வியில் ஒன்று விட்டுப்போயிருக்கிறது. இந்த நான்கு வருடமும் நோயாளிகளைப் பார்த்துக்கொண்டிருந்தீர்களா, வேறு வேலையில் இருந்தீர்களா? எனக்கு வந்த ஒன்பது இன்டர்வியூவிலும் பட்டம் வாங்கிய பிறகு என்ன செய்தேன் என்று கேட்டார்கள். கருத்துப் பகுதியில் அதை எழுதுங்கள், உங்கள் விண்ணப்பத்தில் எப்படிச் சொல்லலாம் என்று பார்ப்போம்.