சாஃப்ட்வேர் நன்றாக இருக்கிறது, ஷேரும் வாங்கலாமா?

கேள்வி: ஈரோட்டில் ஆன்லைன் துணி வியாபாரம் செய்கிறோம். வாடிக்கையாளர் புகார்களைக் கவனிக்க ஒரு சாஃப்ட்வேருக்கு மாதச் சந்தா கட்டுகிறோம், அருமையாக வேலை செய்கிறது. அந்தக் கம்பெனியின் ஷேர் அமெரிக்கச் சந்தையில் இருக்கிறது. விலை உச்சத்திலிருந்து பாதிக்கும் கீழே வந்துவிட்டது, விற்பனையோ வருடா வருடம் ஏறுகிறது. இரண்டு லட்சம் போடலாமா? இப்போது மலிவுதானே?

பதில்: இறங்கிய விலை எல்லாம் மலிவு விலை இல்லைங்க. நம் ஊரில் பிறந்த கம்பெனியையே பாருங்கள். சென்னையில் 2010-ல் தொடங்கிய ஃப்ரெஷ்வொர்க்ஸ் என்ற சாஃப்ட்வேர் கம்பெனி, 2021 செப்டம்பரில் ஒரு ஷேர் 36 டாலர் என்று நாஸ்டாக் என்ற அமெரிக்கப் பங்குச் சந்தைக்கு வந்தது, முதல் நாளே 47 டாலருக்கு மேல் முடிந்தது. அந்த வருடம் 371 மில்லியன் டாலராக இருந்த விற்பனை 2024-ல் 720 மில்லியன் ஆனது, அதாவது மூன்றே வருடத்தில் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. ஆனால் 2024 முடிவில் ஷேர் விலை 16 டாலர் பக்கம்தான். கம்பெனி வளர்ந்துகொண்டே இருந்தது, ஷேர் வாங்கியவர் பணம் பாதிக்குக் கீழே போனது.

காரணம் வாங்கிய விலை. 36 டாலர் என்றால் மொத்தக் கம்பெனிக்கும் சுமார் 10 பில்லியன் டாலர், அந்த வருட விற்பனையைப் போல 27 மடங்கு. இனி வரப்போகும் பல வருட வளர்ச்சிக்கு அன்றைக்கே காசு கொடுத்தாகிவிட்டது. 2022-ல் அமெரிக்காவில் வட்டி ஏறியதும் சாஃப்ட்வேர் கம்பெனிகளுக்கு இவ்வளவு மடங்கு கொடுக்க ஆளில்லை. அதனால் நீங்கள் வாங்க நினைக்கும் கம்பெனியின் மொத்தச் சந்தை மதிப்பை அதன் வருட விற்பனையால் வகுத்துப் பாருங்கள். உச்சத்திலிருந்து எவ்வளவு இறங்கியது என்பதை மறந்துவிடுங்கள், அந்த உச்ச விலையே தப்பாக இருந்திருக்கலாம்.

அடுத்து லாபம். இங்கேதான் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். இந்த மாதிரி கம்பெனிகள் சம்பளத்தில் ஒரு பகுதியைப் பணமாகத் தராமல் ஷேராகத் தருகின்றன, கையிலிருந்து காசு போகாததால் பண வரவுக் கணக்கு அழகாகத் தெரியும். அதே 2024-ல் ஃப்ரெஷ்வொர்க்ஸ் கணக்கில் பண வரவு 150 மில்லியனுக்கு மேல், ஆனால் முறையான லாப நஷ்டக் கணக்கில் சுமார் 95 மில்லியன் நஷ்டம். இந்த வித்தியாசத்துக்குப் பெரிய காரணமே ஷேராகக் கொடுத்த சம்பளம். அந்தச் செலவைச் சுமப்பது நீங்கள்தான், புது ஷேர் அச்சடிக்க அச்சடிக்க உங்கள் பங்கு சுருங்கும். ஆண்டறிக்கையில் மொத்த ஷேர் எண்ணிக்கை மூன்று வருடமாக எப்படிப் போகிறது என்று பாருங்கள். அமெரிக்கப் பங்குச் சந்தைக் கட்டுப்பாட்டு ஆணையத்தின் தளத்தில் இலவசமாகவே கிடைக்கிறது.

அப்புறம், பழைய வாடிக்கையாளர்கள் போன வருடம் 100 ரூபாய் கட்டியிருந்தால் இந்த வருடம் எவ்வளவு கட்டுகிறார்கள் என்ற கணக்கைப் பெரும்பாலும் கம்பெனியே வெளியிடும். 100-க்குக் கீழே இருந்தால் நான் தொடமாட்டேன். நீங்களே உங்கள் சந்தாவைக் கூட்டினீர்களா, குறைத்தீர்களா? உங்களைப் போன்ற சின்னக் கடைகள் முதலில் வெட்டுவது இந்தச் செலவைத்தான்.

இந்த மூன்றையும் பார்க்காமல் இரண்டு லட்சத்தைப் போடாதீர்கள். பார்த்து, பிடித்திருந்தாலும் முதலில் அந்தப் பணத்தில் கால்வாசி போதும்.

கேள்வி: வாங்கினால் வரிக் கணக்கில் காட்ட வேண்டுமா? விற்காமல் சும்மா வைத்திருந்தால்?

பதில்: விற்காவிட்டாலும், லாபமே இல்லாவிட்டாலும் வெளிநாட்டுச் சொத்துப் பட்டியலில் காட்டியே ஆகவேண்டும், அதுவும் ஜனவரி முதல் டிசம்பர் வரையான கணக்கில். சின்ன வியாபாரிகள் வழக்கமாகப் போடும் ஐடிஆர்-4 படிவம் அதன்பின் உங்களுக்குச் செல்லாது, ஐடிஆர்-3 போட வேண்டியிருக்கும். வாங்கும் முன்பே உங்கள் ஆடிட்டரிடம் சொல்லிவிடுங்கள்.