வளைவில் முடுக்கம் எங்கிருந்து வருகிறது?

கேள்வி: பொள்ளாச்சியிலிருந்து வால்பாறைக்குப் பஸ்ஸில் போனோம். ஒரு கொண்டை ஊசி வளைவில் வேகமானி முள் 18-லேயே நின்றது. ஆனாலும் நான் பக்கத்து ஆள் மேல் சாய்ந்துவிட்டேன். ஒன்பதாவது படிக்கும் மகள், “அது முடுக்கம்ப்பா” என்கிறாள். வேகமே கூடவில்லை, அப்புறம் ஏதுங்க முடுக்கம்?

பதில்: பாப்பா சொன்னது சரிதாங்க. குழப்பம் அந்தச் சொல்லில் இருக்கிறது. மாட்டை முடுக்கி ஓட்டினால் வண்டி வேகமெடுக்கும் என்பதுதான் நமக்குப் பழக்கம். இயற்பியலில் முடுக்கம் என்றால் திசைவேகம் மாறும் வீதம். வேகம் என்பது முள் காட்டும் எண். திசைவேகத்தில் அந்த எண்ணோடு எந்தப் பக்கம் போகிறோம் என்பதும் சேர்த்தி. இரண்டில் எது மாறினாலும் முடுக்கம்தான். பிரேக் போட்டாலும், ஸ்டியரிங்கைத் திருப்பினாலும் உண்டு.

உங்கள் வளைவையே கணக்குப் போடுவோம். மணிக்கு 18 கி.மீ.யை 3.6-ஆல் வகுத்தால் நொடிக்கு 5 மீட்டர். வளைவின் ஆரம் 10 மீட்டர் என்று வையுங்கள். வேகத்தின் இருமடியை (5 × 5 = 25) ஆரத்தால் வகுக்க வேண்டும்: 25-ஐ 10-ஆல் வகுத்தால் 2.5 மீ/வி². திசை, வளைவின் மையத்தை நோக்கி. புவியீர்ப்பு முடுக்கம் 9.8, ஏறக்குறைய அதில் கால் பங்கு பக்கவாட்டில் வந்தால் ஆள் சாயாமல் என்ன செய்வார்? உங்களை யாரும் வெளியே தள்ளவில்லை. உடம்பு நேராகப் போகப் பார்க்கிறது, பஸ் அதற்குள் திரும்பிவிடுகிறது, அவ்வளவுதான்.

அதே வளைவில் 36-ல் போனால்? வேகம் இரண்டு மடங்கு, முடுக்கம் நான்கு மடங்கு: 10 மீ/வி². பஸ் டயருக்கு ரோட்டில் அவ்வளவு பிடிப்பு கிடையாது. இறக்கத்தில் டிரைவர் வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறைப்பது பயத்தால் அல்ல. அந்த ரோட்டில் இப்படி 40 வளைவு இருக்கிறது, ஒவ்வொன்றிலும் இதே கணக்குதான்.

இனி மகளை நீங்கள் மடக்குங்கள். காலையில் பொள்ளாச்சி பஸ் ஸ்டாண்டில் ஏறி, வால்பாறை போய், சாயங்காலம் அதே இடத்தில் இறங்கினீர்கள். போக வர சுமார் 130 கி.மீ., ஆன நேரம் மொத்தம் ஆறரை மணி என்றால் சராசரி வேகம் 20. சராசரி திசைவேகம் எவ்வளவு என்று கேளுங்கள். அவளும் 20 என்றால், இறங்கியது எங்கே என்று மட்டும் நினைவுபடுத்துங்கள். சராசரி திசைவேகத்துக்கு நேரத்தால் வகுக்க வேண்டியது இடப்பெயர்ச்சியை, அதாவது ஏறிய இடத்திலிருந்து இறங்கிய இடத்துக்கு உள்ள நேர்கோட்டுத் தூரத்தை. இங்கே அந்த இடப்பெயர்ச்சியே இல்லை, விடை சுழியம்.