இளைப்பாறுதல் பற்றி டீச்சரிடம் கேளுங்கள்

தொடக்கப்பள்ளியில் 31 ஆண்டுகள் தமிழ் சொல்லிக்கொடுத்தேன். ஓய்வுபெற்ற பிறகு இங்கே சிங்கப்பூரில் எங்கள் சபையில் மாதம் ஒரு சனிக்கிழமை அமைதி நாள் நடத்துகிறேன். காலையிலிருந்து மூன்று மணி வரை யாரும் பேசக்கூடாது, கைப்பேசிகள் எல்லாம் கூடைக்குள். எனக்குள்ள தகுதி அவ்வளவுதான். நான் மருத்துவர் இல்லை, தீர்க்கதரிசியும் இல்லை. சரி, கேளுங்கள்.

ஜூரோங் வெஸ்ட் தம்பி: டீச்சர், வங்கியில் ஐடி வேலை. காலை ஆறு மணிக்கு ஜெபிக்க உட்கார்ந்தால் இரண்டே நிமிடத்தில் மனம் ஆபீஸ் வாட்ஸ்அப்புக்குப் போய்விடுகிறது. இது பிசாசின் வேலையா?

நான்காம் நூற்றாண்டில் எகிப்து வனாந்தரத்தில் எவாக்ரியுஸ் என்றொரு துறவி இருந்தார். 399இல் இறந்துபோனார். உங்கள் கதையை அன்றே எழுதிவைத்திருக்கிறார். துறவி தன் அறையில் ஜெபிக்க உட்காருகிறார். சூரியன் நகர மாட்டேன் என்கிறது. பகலுக்கு ஐம்பது மணி நேரம் இருப்பதுபோலத் தோன்றுகிறது. ஜன்னலைப் பார்க்கிறார். வெளியே வந்து, சாப்பாட்டு வேளையான மூன்று மணிக்கு இன்னும் எவ்வளவு இருக்கிறது என்று அண்ணாந்து பார்க்கிறார். பக்கத்து அறைச் சகோதரர் யாராவது எட்டிப்பார்க்கிறாரா என்று இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் கண் போகிறது. ஜன்னல் இருக்கும் இடத்தில் வாட்ஸ்அப்பைப் போட்டுக்கொள்ளுங்கள்.

இதற்கு அவர் வைத்த பெயர் நண்பகல் பிசாசு. 91ஆம் சங்கீதத்தில் ‘மத்தியானத்தில் பாழாக்கும் சங்காரம்’ என்று வாசிக்கிறோமே, அந்த வசனத்தின் கிரேக்க மொழிபெயர்ப்பிலிருந்து வந்த பெயர் அது. ஆகவே பிசாசு என்றே வைத்துக்கொள்ளலாம். ஆனால் மருந்து ரொம்பச் சாதாரணமானது: அறையை விட்டு எழுந்து போகாதே.

அச்சிட்ட வேதாகமத்திலிருந்து ஒரு சங்கீதத்தை வாய்விட்டு, மெதுவாக, இரண்டு தடவை வாசியுங்கள். மனதில் பட்ட ஒரு சொல்லோடு பத்து நிமிடம் இருங்கள். மனம் ஓடினால் அதைத் திட்டாமல் அந்தச் சொல்லுக்குத் திரும்புங்கள். நாற்பது தடவை ஓடினால் நாற்பது தடவை திரும்பிவந்திருக்கிறீர்கள் என்றுதான் கணக்கு. நாற்பது பிள்ளைகளை மேய்த்தவள் சொல்கிறேன். கைப்பேசி வேறு அறையில் இருக்கட்டும். மேசையில் கவிழ்த்து வைப்பதெல்லாம் கணக்கில் சேராது.

செங்காங் அம்மா: குழந்தைக்கு ஐந்து மாதம். ஆராதனையில் மற்றவர்கள் கண்ணீர்விட்டு ஜெபிக்கும்போது எனக்குக் கொட்டாவி வருகிறது. விசுவாசம் குறைந்துவிட்டதா?

தூங்குங்கள் அம்மா. எலியா தீர்க்கதரிசி சூரைச்செடியின் கீழே உட்கார்ந்து ‘போதும் கர்த்தாவே’ என்று சாகக் கேட்டபோது தூதன் பிரசங்கம் பண்ணவில்லை. தட்டி எழுப்பி, தழலில் சுட்ட அடையும் தண்ணீரும் கொடுத்தான். சாப்பிட்டுவிட்டு எலியா மறுபடியும் படுத்துக்கொண்டார், மறுபடியும் எழுப்பிச் சாப்பாடு. ஓரேப் மலையில் தேவனுடைய மெல்லிய சத்தம் கேட்டதெல்லாம் அதற்கு அப்புறம்தான் (1 இராஜாக்கள் 19). நம் மேடைகளில் மெல்லிய சத்தம் அடிக்கடி வருகிறது, அந்த அடை வருவதேயில்லை. ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் குழந்தையை உங்கள் வீட்டுக்காரர் வைத்துக்கொள்ளட்டும். தூங்கியும் மனபாரம் குறையவில்லை என்றால், அடுத்த தடுப்பூசிக்குப் பலதுறை மருந்தகம் போகும்போது உங்களைப் பற்றியும் சொல்லுங்கள்.

தெம்பனிஸ்: மூன்று வாரமாகத் தூக்கமே இல்லை. வாழவே பிடிக்கவில்லை. எந்த வசனத்தைப் பிடித்துக்கொள்வது?

வசனம் அப்புறம். இப்போதே 1767ஐ அழையுங்கள், தற்கொலை எண்ணம் வருகிறவர்களுக்கு உதவும் SOS அமைப்பின் எண், 24 மணி நேரமும் எடுப்பார்கள். வீட்டில் ஒருவரையாவது எழுப்பிப் பக்கத்தில் உட்காரச் சொல்லுங்கள். உங்களுக்குத் தனியாகவும் எழுதியிருக்கிறேன், பாருங்கள்.

அங் மோ கியோ: நாலறை வீடு. அத்தைக்குச் சீரியல், பிள்ளைகளுக்கு டியூஷன். எங்கே போய் அமைதியாக உட்காருவது?

சிட்டி ஹால் எம்ஆர்டி ரயில் நிலையத்துக்குப் பக்கத்திலேயே செயின்ட் ஆண்ட்ரூஸ் பேராலயம் இருக்கிறது. இந்தியாவிலிருந்து கொண்டுவரப்பட்ட கைதிகளின் உழைப்பில் எழுந்து 1862இல் பிரதிஷ்டை ஆன கட்டடம். முட்டை வெள்ளையும் சர்க்கரையும் சேர்த்துக் குழைத்த மெட்ராஸ் சுண்ணாம்புப் பூச்சு. அந்தச் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்காருவதே எனக்குப் பாதி ஜெபம். கத்தோலிக்கர் என்றால் ஓஃபிர் ரோட்டில் 1888இல் கட்டிய லூர்து மாதா கோயில், தலைமுறைகளாகத் தமிழர் கூடும் இடம்.

உட்லண்ட்ஸ்: தியானம் பண்ணுவது புத்த மதப் பழக்கம் இல்லையா?

சங்கீதம் 1:2: கர்த்தருடைய வேதத்தில் இரவும் பகலும் தியானமாயிருக்கிறவன் பாக்கியவான். இதே கேள்வி இன்று மூன்றாவது தடவை வந்திருக்கிறது.

பெடோக்: கவனம் சிதறாமல் ஜெபிக்க எந்தச் செயலி நல்லது?

வேறு அறையில் இருக்கிற கைப்பேசியில் எந்தச் செயலி இருந்தால் என்ன?

புங்கோல் அண்ணன்: டீச்சர், எங்களுக்கு ஞாயிறுதான் அதிகக் களைப்பு. ஆராதனை முடிந்து சொந்தக்காரர் பன்னிரண்டு பேர் பிரியாணிக்கு வந்துவிடுவார்கள். ஓய்வுநாளை எப்படி ஓய்வாக்குவது?

பிரியாணி யார் சமைக்கிறார்கள்?

புங்கோல் அண்ணன்: பணிப்பெண்தான். அவருக்குச் சம்மதம். ஓய்வுநாளுக்குப் பதில் பணம் கொடுத்துவிடுகிறோம், சட்டப்படிதான்.

2013இலிருந்து பணிப்பெண்ணுக்கு வாரம் ஒரு ஓய்வுநாள் உண்டு, இருவரும் சம்மதித்தால் பணமாகக் கொடுக்கலாம். ஆனால் 2023 ஜனவரி முதல் மாதத்தில் ஒரு நாளையாவது பணத்தால் ஈடுகட்ட முடியாது, அவர் எடுத்தே ஆகவேண்டும். அது மனிதவள அமைச்சின் கணக்கு. உபாகமம் 5ஐ எடுங்கள். யாத்திராகமத்தில் ஓய்வுநாளுக்குக் காரணம் படைப்பு. உபாகமத்தில் காரணம் வேறு: நீ எகிப்தில் அடிமையாய் இருந்ததை நினைத்துக்கொள். நீ இளைப்பாறுவதுபோல உன் வேலைக்காரியும் இளைப்பாற வேண்டும் என்று எழுதியிருக்கிறது. ‘உன்னைப் போல’ என்ற இடத்தில்தான் அண்ணே மாட்டிக்கொள்கிறோம்.

கிளமெண்டி போதகர் மகன்: மன்னிக்கவும் டீச்சர், இது நியாயப்பிரமாணம், மோசேயின் பழைய சட்டம். ஓய்வுநாட்களைக் குறித்து ஒருவனும் உங்களைக் குற்றப்படுத்தக் கூடாது என்று கொலோசெயர் 2:16 சொல்கிறதே.

சரியாகப் பிடித்தீர்கள் தம்பி. சனியா ஞாயிறா என்று நான் யாரோடும் சண்டைக்கு வரவில்லை. ஆனால் அந்த வசனம் என் ஓய்வைக் காப்பாற்ற எழுதப்பட்டது. அடுத்தவருடைய ஓய்வை நான் எடுத்துக்கொள்ள அதில் அனுமதி எங்கே இருக்கிறது? ‘வருத்தப்பட்டுப் பாரஞ்சுமக்கிறவர்களே’ என்று மத்தேயு 11இல் இயேசு கூப்பிடுகிறார். அதிகாரம் திரும்பினால், பசித்த சீஷர்கள் ஓய்வுநாளில் கதிர் கொய்கிறார்கள், பரிசேயர் சண்டைக்கு வருகிறார்கள். இயேசு பசித்தவர்கள் பக்கம் நிற்கிறார். ஞாயிறு மத்தியானம் நம் வீட்டில் கடைசியாகச் சாப்பிடுவது யார்?

கிளமெண்டி போதகர் மகன்: அது உணர்ச்சிபூர்வமான வாதம்.

இருக்கட்டும்.

புக்கிட் பாத்தோக் அக்கா: விடுமுறை கொடுத்தால் கெட்ட சகவாசம் வந்துவிடும் டீச்சர், அனுபவத்தில் சொல்கிறேன்.

பன்னிரண்டு பேருக்குச் சமைக்க நம்புகிறோம், கைக்குழந்தையைக் கொடுத்து நம்புகிறோம், ஒரு மத்தியானத்துக்கு நம்ப மாட்டோமா? இந்த விஷயத்தில் என்னோடு சண்டை போடுகிறவர்கள் இன்னும் ஏழு பேர் வரிசையில் இருக்கிறீர்கள். எல்லாருக்கும் இதே பதில்தான்.

ஈசூன்: வேலையை விடலாமா? தேவ சித்தம் என்ன என்று சொல்லுங்கள்.

முதல் பத்தியைப் படியுங்கள்.

பாசிர் ரிஸ்: ஜெபத்தில் கவனம் வர...

ஜூரோங் வெஸ்ட் தம்பிக்குச் சொன்னதுதான். வேறு அறை.

புங்கோல் அண்ணன்: டீச்சர், வீட்டில் பேசினோம். வருகிற ஞாயிறு பணிப்பெண்ணுக்கு விடுமுறை. பிரியாணி வெளியில் வாங்குகிறோம். பன்னிரண்டு பேருக்கு எந்தக் கடை நல்லது?

கடை என் துறை இல்லை அண்ணே, மற்றவர்கள் சொல்லட்டும். திங்கட்கிழமை காலை தொட்டியில் எத்தனை தட்டு கிடந்தது என்று மட்டும் எனக்கு எழுதுங்கள்.