‘இருவர்’ பார்க்க வரலாறு படித்திருக்க வேண்டுமா?

கேள்வி: நான் பிறந்து வளர்ந்தது புனேயில். ‘இருவர்’ படத்தை முக்கால் மணி நேரம் பார்த்து நிறுத்திவிட்டேன். யார் எந்தத் தலைவர் என்றே பிடிபடவில்லை. திராவிட இயக்க வரலாற்றைப் படித்துவிட்டுத்தான் பார்க்க வேண்டுமா?

பதில்: வேண்டாம். படித்த பிறகுதான் என்றால் நீங்கள் பார்க்கவே போவதில்லை. உங்கள் மேல் தப்பும் இல்லை. பள்ளிக்கூட வரலாறு பெரும்பாலும் 1947இல் கொடியேற்றி, மிட்டாய் கொடுத்து வீட்டுக்கு அனுப்பிவிடுகிறது. முப்பது வருடம் பாடம் நடத்தி இதைச் சொல்லிச் சொல்லி வாய்தான் வலித்தது.

ஒரு துண்டுச்சீட்டு போதும். மோகன்லாலின் ஆனந்தனில் எம்.ஜி.ஆர்., பிரகாஷ்ராஜின் தமிழ்ச்செல்வனில் கருணாநிதி, நாசர் வேடத்தில் அண்ணா. 1949இல் அண்ணா தி.மு.க.வைத் தொடங்கினார். 1967 ஜனவரியில் எம்.ஜி.ஆர். சுடப்பட்டார், கழுத்துக் கட்டோடு அவர் இருக்கும் போஸ்டர் ஊரெல்லாம் ஒட்டப்பட்டது. அடுத்த மாதத் தேர்தலில் கட்சி ஆட்சியைப் பிடித்தது. 1969இல் அண்ணா மறைய, கருணாநிதி முதல்வரானார். 1972 அக்டோபரில், கட்சிக்காரர்கள் சொத்துக் கணக்கு காட்டட்டும் என்று கேட்ட எம்.ஜி.ஆரைக் கட்சி நீக்கியது. அதே மாதம் அ.தி.மு.க. பிறந்தது. 1977இல் அவர் முதல்வர். அவ்வளவுதான்.

‘படத்தின் உண்மைக் கதை’ என்று பத்து நிமிடத்தில் புட்டுப்புட்டு வைக்கிறார்களே, அந்த யூடியூப் ஆட்கள் பக்கம் மட்டும் போகாதீர்கள். படத்தில் ஒரு காட்சி வந்துவிட்டால் போதும், நிஜத்திலும் அப்படியே நடந்தது என்று அடித்துச் சொல்வார்கள். தலைப்பில் ‘மறைக்கப்பட்ட’ என்று இருந்தால் தொடவே வேண்டாம். என் பேரன் அப்படி ஒன்றைப் பார்த்துவிட்டு என்னிடமே சண்டைக்கு வந்தான்.

சீட்டு உதவாத இடம் ஒன்று உண்டு: ஐஸ்வர்யா ராய். அவருக்கு இரட்டை வேடம். ஆனந்தனின் முதல் மனைவி புஷ்பவல்லி ஒன்று. அதே முகத்தோடு பிறகு வரும் நடிகை கல்பனா இன்னொன்று. கல்பனாவைப் பார்த்ததும் ஜெயலலிதா என்றுதான் தோன்றும். பக்கத்தில் இருப்பவரும் அதையே சொல்வார். ஆனால் (கதையைச் சொல்வதற்கு மன்னியுங்கள்) கல்பனா விபத்தில் இறந்துவிடுகிறாள். ஜெயலலிதாவோ 1991இல் முதல்வராகி, 1996இல் தோற்று, 1997 ஜனவரியில் இந்தப் படம் வந்தபோது அரசியலில்தான் இருந்தார். இவர்தான் அவர் என்று பிடித்துக்கொண்டால் கடைசிப் பகுதி முழுக்கக் குழம்பும். சரி, சினிமா, துடுக்கு, முகத்துக்கு நேரே பேசுவது எல்லாம் அவரைப் போலத்தானே என்பீர்கள். போலத்தான். இருந்தாலும் கல்பனாவைக் கல்பனாவாகவே விட்டுவிடுங்கள்.

நிறுத்திய இடத்திலிருந்து தொடராதீர்கள், முதலிலிருந்து போடுங்கள். நடுவில் கூகுளில் தேடக்கூடாது. சீட்டையும் இடைவேளையில் ஒரு தடவை பார்த்தால் போதும்.