மயக்கம் கொடுத்த குதிரை எழுந்து நிற்குமா?

கேள்வி: என் 7 வயதுக் குதிரைக்கு முன்னங்கால் மூட்டில் எலும்புச் சில்லு இருக்கிறது. முழு மயக்கத்தில் எடுக்க வேண்டுமாம். ‘படுத்த குதிரை எழாது’ என்று தெரிந்தவர்கள் பயமுறுத்துகிறார்கள். செய்யலாமா?

பதில்: செய்யலாம். ஆனால் உங்கள் பயம் வீண் பயம் அல்ல. 2002-ல் வெளியான பெரிய ஆய்வில், வயிற்றுவலி அல்லாத அறுவைகளில் 1000 குதிரைகளுக்குச் சுமார் 9 ஒரு வாரத்துக்குள் இறந்தன. நாய், பூனையை விட இது பல மடங்கு அதிகம்.

450, 500 கிலோ உடம்பு அசையாமல் கிடந்தால் அடிப்பக்கத் தசைக்கு ரத்தம் சரியாகப் போகாது. நேரம் கூடக்கூட ஆபத்தும் கூடும். அதைவிட மோசம், விழிக்கும் நேரம். குதிரை பயந்தால் ஓடும் பிராணி. கால் தயாராகும் முன்பே துள்ளி எழப் பார்க்கும், எலும்பு முறியலாம். ஆகவே அறுவை செய்பவரின் பெயரை மட்டும் விசாரிக்காதீர்கள். எழும்போது பக்கத்தில் யார் இருப்பார்கள், சுவரிலும் தரையிலும் மெத்தை உண்டா, தலைக்கும் வாலுக்கும் கயிறு கட்டித் தாங்குவார்களா என்று கேளுங்கள்.

‘எதற்கு ஆஸ்பத்திரி, லாயத்திலேயே ஒரு ஊசியில் முடிச்சிடலாம்’ என்று ஒரு தரகர் வருவார். மூட்டைத் திறக்கும் வேலையை லாயத்தில் செய்யவே கூடாது. அப்படிச் செய்த ஒரு குதிரையை என்னிடம் கொண்டுவந்தார்கள். தலைக்கயிற்றைக் கழற்றாமலே படுக்க வைத்திருக்கிறார்கள். வளையம் கன்னத்து நரம்பை அழுத்தி, உதடு ஒரு பக்கமாகத் தொங்கியது. தண்ணீர் குடித்தால் வழிந்தது. கமிஷன் வாங்கியவர் போன இடம் தெரியவில்லை.

மருத்துவமனைகளும் ஒழுங்கில்லை. மயக்க ஊசி கையில் இருக்கும்போது ஒப்புதல் படிவத்தை நீட்டுகிறார்கள். எத்தனை முறை சொல்லியாயிற்று! முந்தின நாளே கேட்டு வாங்கி, நிதானமாகப் படியுங்கள்.

வயிற்றுவலி மட்டும் வேறு கதை. குடல் முறுக்கிக்கொண்டால் மயக்கத்தின் ஆபத்து இன்னும் கூடுதல்தான். ஆனால் யோசிக்கும் ஒவ்வொரு மணி நேரமும் குடல் செத்துக்கொண்டிருக்கும். அங்கே விசாரணையெல்லாம் வேண்டாம், உடனே வண்டியில் ஏற்றுங்கள். வலி மருந்தில் குதிரை அமைதியானதும் ‘சரியாகிவிட்டது’ என்று திரும்பிப் போய், மறுநாள் வந்தவர்கள் உண்டு. மறுநாள் எங்களால் ஒன்றும் செய்ய முடிவதில்லை.

உங்கள் குதிரைக்கு அந்த அவசரம் இல்லை. நல்ல இடமாகப் பாருங்கள். அறுவை முடிந்தபின் லத்தியைக் கவனியுங்கள். மறுநாள் காலைக்குள் போடவில்லை என்றால் மருத்துவரைக் கூப்பிடுங்கள்.