ஜப்பானுக்கு இருவராக முதல் பயணம்: 12 நாளில் எத்தனை ஊர் பார்க்கலாம்?

கேள்வி: நானும் என் மனைவியும் முதல்முறையாக ஜப்பான் போகிறோம். 12 நாள் கையில் இருக்கிறது. டோக்கியோ, ஹகோனே, தகாயாமா, கனசாவா, கியோட்டோ, நாரா, ஹிரோஷிமா, ஒசாகா எல்லாம் பார்க்க ஆசை. எப்படித் திட்டமிடுவது?

ஊர்ப் பட்டியலைக் கொஞ்சம் ஓரமாக வைத்துவிட்டு, எத்தனை முறை பெட்டி கட்டப் போகிறீர்கள் என்று முதலில் எண்ணிப் பாருங்கள். 12 நாள் என்றால் 11 இரவு. நீங்கள் சொன்ன எட்டு ஊரையும் தொட வேண்டுமென்றால் ஆறு ஹோட்டலாவது மாற வேண்டும். அங்கே பெரும்பாலான ஹோட்டல்களில் காலை 10 அல்லது 11 மணிக்கு அறையைக் காலி செய்யச் சொல்வார்கள். அடுத்த ஹோட்டலில் பிற்பகல் 3 மணிக்குத்தான் அறை தருவார்கள். ரயில் இரண்டு மணி நேரம்தானே என்று வரைபடத்தில் பார்க்கும்போது தோன்றும். பெட்டியை இழுத்துக்கொண்டு ஸ்டேஷன் போய், ஏறி, இறங்கி, அடுத்த ஹோட்டலில் பெட்டியைக் கொடுத்துவிட்டுச் சாப்பிட இடம் தேடி முடிப்பதற்குள் அன்றைய பொழுது போய்விடும். இப்படி ஆறு பொழுதைக் கொடுத்தால் 12 நாள் பயணத்தில் மிஞ்சுவது என்ன?

நானும் என் வீட்டுக்காரரும் போனபோது நான்கு இடங்களில் மட்டும் தங்கினோம். உங்களுக்கும் அதையேதான் சொல்வேன்: டோக்கியோவில் 4 இரவு, கியோட்டோவில் 4, ஹிரோஷிமா பக்கத்தில் உள்ள மியாஜிமா தீவில் 1, ஒசாகாவில் 2. தகாயாமாவும் கனசாவாவும் அடுத்த முறைக்கு. இரண்டும் அருமையான ஊர்கள், அதில் சந்தேகமில்லை. ஆனால் அவற்றை இந்த வழியில் சொருகினால் கியோட்டோவுக்கு இரண்டு நாள்கூட மிஞ்சாது. கனசாவாவிலிருந்து கியோட்டோவுக்கு முன்பு நேராக ஒரே ரயில் இருந்தது. 2024 மார்ச்சில் ஷின்கான்சென் என்னும் அதிவேக ரயில் பாதை த்ஸுருகா என்ற ஊர் வரை நீண்ட பிறகு அங்கே இறங்கி மாற வேண்டும். ஹகோனேவை ஏன் விட்டேன் என்பதைக் கீழே சொல்கிறேன்.

விமான டிக்கெட்டை டோக்கியோவில் இறங்கி ஒசாகாவில் ஏறுகிற மாதிரி எடுங்கள். போகவர ஒரே ஊருக்கு எடுத்தால் கொஞ்சம் மலிவாகத் தெரியலாம். ஆனால் ஒசாகாவிலிருந்து டோக்கியோவுக்குத் திரும்பி வரும் ரயிலுக்கு ஆளுக்கு 14,000 யென்னுக்கு மேல் ஆகும், அரை நாளும் வீண். டோக்கியோவில் ஹனேடா கிடைத்தால் விடாதீர்கள். அது ஊருக்குள்ளேயே இருக்கிறது. நரீட்டா 60 கிலோமீட்டர் தள்ளி.

அடுத்து எல்லோரும் கேட்பது ஜே.ஆர். பாஸ், அதாவது குறித்த நாட்களுக்கு ஜே.ஆர். ரயில்களில் எத்தனை முறை வேண்டுமானாலும் போகப் பயணிகளுக்குத் தரும் சீட்டு. பழைய வீடியோக்களைப் பார்த்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டு வாங்கிவிடாதீர்கள். 7 நாள் பாஸ் 29,650 யென்னாக இருந்ததை 2023 அக்டோபரில் 50,000 யென் ஆக்கிவிட்டார்கள். நான் சொன்ன வழியில் டோக்கியோ–கியோட்டோ சுமார் 14,000, கியோட்டோ–ஹிரோஷிமா சுமார் 11,000, ஹிரோஷிமா–ஒசாகா பத்தாயிரத்துச் சொச்சம். மொத்தமாகக் கூட்டினாலும் 36,000 பக்கம்தான் வருகிறது. போதாக்குறைக்கு, வேகமான நொசோமி ரயிலில் ஏற அந்த பாஸுக்கு மேல் தனியாகப் பணம் கட்ட வேண்டும். தனித்தனி டிக்கெட்டே லாபம். டிக்கெட் ஒரு மாதம் முன்பே திறக்கும்.

அந்த டிக்கெட்டில் ஒரு சின்ன விஷயம். டோக்கியோவிலிருந்து கியோட்டோ போகும்போது ஃபுஜி மலை வலது பக்கம் வரும். சாதாரண வகுப்பில் ஒரு பக்கம் மூன்று இருக்கை, இன்னொரு பக்கம் இரண்டு. ஃபுஜி தெரிவது இரண்டு இருக்கை உள்ள பக்கம், அதாவது டி, ஈ. இருவராகப் போகிறவர்களுக்கென்றே போட்டது போல. புறப்பட்டு முக்கால் மணி நேரத்தில் கண்ணில் படும். குளிர்காலக் காலை என்றால் அநேகமாகத் தெரியும். கோடையில் மேகம்தான் தெரியும். ஜன்னல் இருக்கை யாருக்கு என்பதை ரயில் ஏறும் முன்பே பேசி முடித்துக்கொள்ளுங்கள்.

பெட்டி விஷயத்தில் கறாராக இருங்கள். நீளம், அகலம், உயரம் மூன்றையும் கூட்டி 160 சென்டிமீட்டருக்கு மேல் போனால் அந்த வழித்தட ஷின்கான்சென்னில் பெட்டிக்கு இடம் உள்ள இருக்கையாகப் பார்த்து முன்பதிவு செய்ய வேண்டும். கூடுதல் கட்டணம் கிடையாது, ஆனால் பதிவு செய்யாமல் ஏறினால் 1,000 யென் வசூலிப்பார்கள். இன்னொரு சிக்கல் ஹோட்டல் அறை. டோக்கியோவில் நடுத்தர ஹோட்டல் அறை என்றால் 12 முதல் 15 சதுர மீட்டர்தான் இருக்கும். இரண்டு பெரிய பெட்டிகளை ஒரே நேரத்தில் திறந்து வைக்கத் தரையில் இடம் இருக்காது. இருவருக்கும் சேர்த்து ஒரே பெரிய பெட்டி, ஆளுக்கொரு முதுகுப்பை. பல ஹோட்டல்களில் காசு போட்டுத் துவைக்கும் இயந்திரம் உண்டு, அதனால் ஐந்து நாள் துணி போதும்.

அறை பதிவு செய்யும்போது கட்டிலின் அகலத்தைப் பாருங்கள். "செமி டபிள்" என்று போட்டு, இரண்டு பேர் தங்கலாம் என்றும் எழுதியிருப்பார்கள். அந்தக் கட்டில் 120 சென்டிமீட்டர்தான் இருக்கும். புதுசாகக் கல்யாணம் ஆனவர்களுக்குக்கூட நாலாம் நாள் அது பிடிக்காது. 140-க்குக் குறையாமல் பாருங்கள், இல்லாவிட்டால் இரட்டைக் கட்டில் உள்ள அறையே மேல். விசா கையில் வரும்வரை, ரத்து செய்தால் பணம் திரும்பக் கிடைக்கும் அறைகளை மட்டும் பதிவு செய்யுங்கள்.

இப்போது ஹகோனே. அங்கே போக நினைப்பதே ஒரு ராத்திரி ரியோகான் என்னும் பாரம்பரிய விடுதியில் தங்க வேண்டும் என்பதற்காகத்தானே? அந்த ஒரு ராத்திரியை மியாஜிமாவுக்கு மாற்றிவிட்டால் ஹிரோஷிமாவும் சேர்ந்து அமைந்துவிடும். கியோட்டோவிலிருந்து ஹிரோஷிமாவுக்கு நொசோமியில் ஒன்றேமுக்கால் மணி நேரம் ஆகும். காலையில் கிளம்பி, முதலில் அமைதி நினைவு அருங்காட்சியகம் போங்கள். 1945 ஆகஸ்ட் 6 காலை 8:15-இல் நின்றுபோன கைக்கடிகாரமும், ஒரு குழந்தையின் மூன்று சக்கர சைக்கிளும் உள்ளே இருக்கின்றன. பார்த்துவிட்டு வெளியே வந்தால் இரண்டு பேருக்கும் பேச்சு வராது. அதற்கப்புறம் ரயில் பிடித்து கியோட்டோவுக்கு ஓடுவது சரிப்படாது என்றுதான் நான் அங்கே தங்கச் சொல்கிறேன். ஆற்றங்கரையில், அணுகுண்டுக்குத் தப்பி நின்ற கட்டடத்தின் எதிரே கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டு, பிற்பகலில் உள்ளூர் ரயிலில் மியாஜிமாகுச்சி போய்ப் படகு ஏறுங்கள். பத்தே நிமிடத்தில் தீவு.

பகலில் அந்தத் தீவில் நல்ல கூட்டம். சாயங்காலம் ஆனால் ஒருநாள் பயணிகள் எல்லோரும் படகேறிப் போய்விடுவார்கள், கடைகளும் சீக்கிரமே சாத்திவிடும். தெருவில் மான்களும் ரியோகான் உடையில் உலாத்துகிற சிலரும்தான் மிச்சம். கடலுக்குள் நிற்கும் இட்சுகுஷிமா கோயிலின் சிவப்புத் தோரண வாயிலுக்கு இரவில் விளக்குப் போடுவார்கள். அன்றைய கடல் ஏற்ற இறக்க நேரத்தை முதலிலேயே பார்த்துக்கொள்ளுங்கள். ஏற்றத்தில் வாயில் மிதப்பது போல் இருக்கும். நன்றாக வற்றினால் அடிவரை நடந்தே போய் அந்தத் தூண்களின் பருமனைப் பக்கத்தில் பார்க்கலாம். ஒரு ராத்திரி தங்கினால் இரண்டுமே கிடைக்கும். கோயில் காலை 6:30-க்குத் திறந்துவிடும், முதல் படகுக் கூட்டம் வரும்முன் பார்த்துவிடலாம்.

பெரிய பெட்டியை அந்தத் தீவுக்கு இழுத்துப் போக வேண்டாம். கியோட்டோ ஹோட்டலிலேயே கொடுத்து ஒசாகா ஹோட்டலுக்கு அனுப்பிவிடலாம். தக்யூபின் என்று கேளுங்கள். ஒரு படிவம், ஒரு பெட்டிக்குச் சுமார் 2,000-லிருந்து 3,000 யென், மறுநாள் போய்ச் சேர்ந்துவிடும். படிவத்தில் நீங்கள் ஒசாகாவில் தங்கப்போகும் தேதியையும் பதிவில் உள்ள பெயரையும் அப்படியே எழுதுங்கள். இரண்டு நாள் முதுகுப்பையோடு மட்டும் நடப்பது தனிச் சுகம்.

ரியோகானில் விலை பெரும்பாலும் ஆளுக்கு இவ்வளவு என்று போட்டிருக்கும், இரண்டால் பெருக்கிக்கொள்ளுங்கள். இரவுச் சாப்பாடு, காலைச் சாப்பாடு அதில் சேர்த்தி. இரவுச் சாப்பாட்டுக்கு நேரம் குறித்திருப்பார்கள், பிந்தினால் கிடைக்காது; தீவில் வெளியே கடையும் இருக்காது. பொதுக் குளியல் ஆணுக்கும் பெண்ணுக்கும் தனித்தனி. ஒன்றாகப் போக வேண்டுமென்றால் கஷிகிரி, அதாவது தனியாக ஒதுக்கித் தரும் குளியலறை இருக்கிறதா என்று கேட்டுப் பதிவு செய்யுங்கள்.

சைவம் என்றால் இன்னும் கவனம் வேண்டும். கண்ணுக்குக் காய்கறி மட்டும் தெரிந்தாலும் சாற்றில் தாஷி இருக்கும். உலர்த்திய மீன் சீவலும் கடற்பாசியும் போட்டு எடுக்கிற சாறு அது. மிசோ சூப், நூடுல்ஸ், வேகவைத்த பூசணி எல்லாவற்றிலும் அதுதான். "இறைச்சி வேண்டாம்" என்று சொன்னால் மீன் வரும். மீன் சாறும் வேண்டாம் என்று ஜப்பானிய மொழியில் எழுதி போனில் வைத்துக்கொள்ளுங்கள். ரியோகானுக்குப் பதிவு செய்யும்போதே சொல்லியாக வேண்டும், வாசலில் போய் நின்று சொன்னால் அவர்களாலும் ஒன்றும் செய்ய முடியாது. கியோட்டோவில் ஷோஜின் ரியோரி என்ற புத்த மடச் சமையல் கிடைக்கும். அது முழுச் சைவம், ஒருவேளை சாப்பிட்டே ஆக வேண்டும்.

கியோட்டோவுக்கு நான்கு இரவா என்று யோசிக்காதீர்கள். பார்க்க வேண்டிய இடங்கள் நான்கு திசையிலும் சிதறிக் கிடக்கின்றன, சுரங்க ரயில் இரண்டே வழித்தடம், பேருந்தில் நிற்கத்தான் இடம். ஒரு நாளுக்கு ஒரு திசை என்று வையுங்கள். கிழக்கே கியோமிசு கோயில், காலை 6 மணிக்கே திறப்பு. அப்படியே இறங்கி, கெய்ஷா கலைஞர்களுக்குப் பேர்போன பழைய பகுதியான கியோன் வரை நடை. அங்கே தனியார் சந்துகளில் நுழைய 2024 முதல் தடை, 10,000 யென் அபராதம் என்று பலகை வைத்திருக்கிறார்கள். இன்னொரு நாள் மேற்கே அராஷியாமா. தெற்கே ஃபுஷிமி இனாரி நாள் முழுக்கத் திறந்திருக்கும், கட்டணமும் இல்லை. ஆறரைக்குப் போனால் சிவப்பு வாயில்களுக்கு நடுவே நீங்கள் இருவர் மட்டும் உள்ள படம் எடுக்கலாம், ஒன்பதரைக்குப் போனால் அடுத்தவர் முதுகுதான். அதே ரயில் பாதையில்தான் நாரா, அன்றைக்கே முடித்துவிடலாம். நாராவில் தனியாகத் தங்கத் தேவையில்லை.

டோக்கியோவில் இறங்கிய அன்று ஒன்றும் வைக்காதீர்கள். திங்கட்கிழமை அருங்காட்சியகம் பலவும் மூடியிருக்கும். அனிமேஷன் படங்களுக்குப் பேர்போன கிப்லி நிறுவனத்தின் அருங்காட்சியகம் போக ஆசை என்றால் முன்பதிவு இல்லாமல் உள்ளே விடமாட்டார்கள். ஒவ்வொரு மாதமும் 10-ஆம் தேதி அடுத்த மாதத்துக்கான டிக்கெட் திறக்கும்.

அப்புறம், சேர்ந்து போகிறோம் என்பதற்காக எல்லா நேரமும் ஒட்டிக்கொண்டே திரிய வேண்டியதில்லை. ஆளுக்கு மூன்று இடம், "இதை விடவே மாட்டேன்" என்று தனித்தனியாக எழுதிக் காட்டுங்கள். அந்த ஆறையும் முதலில் நாட்களில் வைத்துவிட்டு, மிச்சத்தை வழியில் கிடைப்பதைக் கொண்டு நிரப்புங்கள். பட்டியலில் ஒத்துப்போகாதது வந்தால் ஒரு மத்தியானம் பிரிந்து போகலாம். என் வீட்டுக்காரர் அகிஹபாராவில் பழைய கேமரா லென்ஸ்களைக் குடைந்துகொண்டிருந்தபோது நான் கப்பாபஷி தெருவில் கத்தி பார்த்துக்கொண்டிருந்தேன். ராத்திரி சாப்பிடும்போது பேசுவதற்கு இரண்டு பேரிடமும் கதை இருந்தது. இதற்காகவே பாக்கெட் வைஃபை ஒன்றை வாங்கி இருவரும் பகிர்வதை விட, ஆளுக்கொரு இ-சிம் போட்டுக்கொள்ளுங்கள். ரயில், பேருந்தில் தட்டிக் கட்டணம் கட்டும் சுய்கா அட்டையும் ஆளுக்கு ஒன்று வேண்டும். ஒரே அட்டையில் இருவர் கேட் தாண்ட முடியாது. டோக்கியோவில் வாங்கிய அட்டை கியோட்டோ, ஒசாகா, ஹிரோஷிமா எல்லாவற்றிலும் ஓடும்.

மாதம் இன்னும் முடிவாகவில்லை என்றால் ஏப்ரல் கடைசியில் தொடங்கி மே முதல் வாரம் வரை வரும் கோல்டன் வீக்கைத் தவிருங்கள், நாடே விடுமுறையில் கிளம்பியிருக்கும். செர்ரிப் பூ வேண்டுமென்றால் மார்ச் கடைசி, ஏப்ரல் தொடக்கம். விலையும் கூட்டமும் உச்சம். என் ஓட்டு நவம்பர் இரண்டாம் பாதிக்கு. கியோட்டோவில் மேப்பிள் சிவப்பாகும், மழையும் குறைவு.

ஒசாகாவில் கடைசி இரண்டு இரவுக்கு நம்பா பக்கம் அறை எடுங்கள். சாப்பாட்டுக்கு டோத்தோன்போரி நடக்கிற தூரம், கன்சாய் விமான நிலையத்துக்கு நங்காய் ரயில் அங்கிருந்தே புறப்படும், முக்கால் மணி நேரம். அந்த விமான நிலையம் கடலில் கட்டிய செயற்கைத் தீவு, தரையோடு சேர்ப்பது ஒரே பாலம். 2018 செப்டம்பரில் ஜெபி புயலின்போது ஒரு கப்பல் மோதி அந்தப் பாலமே சேதமானது. ஆகஸ்ட், செப்டம்பரில் போவதாக இருந்தால் வேறு ஊரிலிருந்து விமானம் பிடிக்க அன்றைக்கே வரும் யோசனையே வேண்டாம். முந்தின நாள் மதியத்துக்குள் ஒசாகாவில் இருங்கள்.